ஏற்காட்டுச் சரிவில் கீழ்த்தளம்: மண் பக்கச் சுவரை ஒட்டி உள்தடுப்பு எழுப்புவது எப்படி?

மலைவீடு

சேர்வராயன் மலையில் சரிவில் கட்டிய வீடு. மேல்தளம் ரோட்டு மட்டத்தில் இருக்கு. கீழ்த்தளத்தில் மேட்டுப்பக்கச் சுவர் முழுக்க மண்ணுக்குள்ளே, எதிர்ப்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் திறந்திருக்கு. மண் பக்கச் சுவர் கருங்கல் கட்டு, நீளம் 20 அடி, மேலே ஆர்.சி.சி. தளம் வரை 10 அடி. தரை 4 இஞ்ச் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்), மேலே டைல் இன்னும் போடலை.

இரண்டு வேலை இருக்கு. ஒன்று, அந்தக் கல் சுவரை மறைச்சு உள்ளே ஒரு சுவர். இரண்டு, தளத்தைக் குறுக்கே பிரிச்சு ஒரு படுக்கையறை, 14 அடி நீளத் தடுப்பு, அதில் 3×7 கதவு. ஐப்பசி மழையில் கல் இடுக்கில் ஈரம் தெரியுது, அடியில் உப்பு பூக்குது. தண்ணீர் ஓடலை. ஃபிரேம் ஜி.ஐ.யா (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு), மரமா? இல்லை 4 இஞ்ச் பிளாக் கட்டிடலாமா? அமெரிக்க, கனடா வீடியோக்களில் ஃபிரேமுக்கும் போர்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுறாங்க. அது இங்கே சரிவருமா?

நீர்மட்டம்

ஃபிரேம் பற்றிப் பேசும் முன் ஈரம் எங்கிருந்து வருதுன்னு தெரியணும். ஒன்றரை அடி சதுரத்தில் கனமான பாலித்தீன் ஷீட்டைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்க. குறைந்தது 16 மணி நேரம் விடணும், இரண்டு மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. கல் சுவரில் டேப் நிற்காது, அதனால் ஒட்டுற இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசி காயவிட்டு ஒட்டுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் துளி நின்றால் ஈரம் மண்ணிலிருந்து வருது. அறையைப் பார்க்கிற வெளிப்பக்கத்தில் துளி நின்றால் அது காற்றிலிருந்து படியுற பனி. ஏற்காட்டில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

இரண்டாவதை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை. அறைக் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா, 20 டிகிரிக்குச் சற்று மேலேயே நீர் படிய ஆரம்பிச்சிடும். மண்ணை ஒட்டிய கல் அதற்குக் கீழே குளிர்ந்திருந்தால், மழையே இல்லாத நாளிலும் சுவர் வேர்க்கும். மஞ்சு இறங்குற மாதங்களில் ஜன்னலைத் திறந்து போட்டால் இன்னும் மோசம்.

மண்ணிலிருந்து வர்றதுக்கு உண்மையான வைத்தியம் வெளிப்பக்கம்தான். மேட்டுப்பக்கம் தோண்ட இடம் இருந்தால், சுவரின் வெளிமுகத்தைப் பூசிச் சமப்படுத்தி, மெம்பிரேன் (நீர் புகாத ஷீட்) ஒட்டி, அடியில் துளை போட்ட பி.வி.சி. குழாயை ஜியோ துணி சுற்றிப் பதிச்சு, சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி நிரப்பணும். ஒரு எச்சரிக்கை: மொத்த 20 அடியையும் ஒரே நேரத்தில் தோண்டக் கூடாது. நாலைந்து அடிப் பகுதியாகத் தோண்டி, மூடி, அடுத்ததுக்குப் போகணும். அதையும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்த்த பிறகு, வெயில் காலத்தில் மட்டும்.

தோண்ட வழி இல்லைன்னா குறைந்தபட்சம் மேட்டில் சுவரை ஒட்டி நிற்கிற தண்ணீரை விலக்குங்க. கூரைக் குழாய் அங்கே கொட்டக் கூடாது. சுவரிலிருந்து 3 அடிக்கு சிமெண்ட் தளம் போட்டு, சரிவை வெளிப்பக்கம் கொடுத்து, ஒரு வாய்க்கால் வெட்டி வீட்டைச் சுற்றி இறக்கிடுங்க. பல வீட்டில் ஈரம் பெருமளவு இதிலேயே அடங்கிடும்.

மலைவீடு

மேட்டுப்பக்கம் பக்கத்து எஸ்டேட் வேலி சுவரை ஒட்டியே இருக்கு. தோண்ட முடியாது. உள்பக்கம் கிரிஸ்டலைன் கோட்டிங் அடிச்சால் போதும்னு ஒருத்தர் சொல்றார்.

நீர்மட்டம்

கல் கட்டுக்கு அது பொருந்தாது. அந்தக் கெமிக்கல் கான்கிரீட்டுக்குள்ளே இருக்கிற சிமெண்டோடு சேர்ந்து துளைகளில் படிகமா வளர்ந்து அடைக்கும். ஆர்.சி.சி. சுவரில் நல்லா வேலை செய்யும். கருங்கல்லில் வளர இடமில்லை, தண்ணீர் வர்றதோ கல்லுக்கு நடுவிலுள்ள கலவை இடுக்கில். ஒரு இடத்தை அடைச்சால் பக்கத்து இடுக்கில் வரும். மொத்தத்தையும் இறுக்கமா அடைச்சால் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளும். கல் சுவரை மூச்சுவிட விடணும். கசிவதை வாங்கி வெளியே அனுப்புற ஏற்பாடுதான் உங்களுக்குச் சரி.

சரிவு வீட்டுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கு. சேலத்தில் சமதரையில் பேஸ்மெண்ட் தோண்டினவங்க சம்ப் வெட்டி மோட்டார் வைச்சாகணும். கரண்ட் போனால் தண்ணீர் ஏறும். உங்களுக்குப் பள்ளத்துப் பக்கம் திறந்திருக்கிறதால தண்ணீர் தானா ஓடிப் போகும். அதனால் கல் சுவரின் அடியில், தரையில் 3 இஞ்ச் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் எடுங்க. சரிவு 100-க்கு 1. 20 அடிக்கு 2.4 இஞ்ச் இறக்கம் வருது, 4 இஞ்ச் பி.சி.சி.யில் அது அதிகம். நடுவில் மேடு வைச்சு இரண்டு மூலைக்கும் பிரிச்சால் பக்கத்துக்கு 1.2 இஞ்ச்தான். இரண்டு மூலையிலும் 75 மி.மீ. பி.வி.சி. குழாய், பக்கச் சுவர் ஓரமா வெளியே. குழாய் வாயில் துருப்பிடிக்காத வலை கட்டாயம், இல்லைன்னா பூரானும் பாம்பும் அதுவழியா ஏறும்.

கொத்துக்கரண்டி

பிளாக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். 4 இஞ்ச் சாலிட் பிளாக்கை இருபக்கம் பூசினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. ஜி.ஐ. ஃபிரேமில் இருபக்கம் போர்டு அடிச்சால் 25லிருந்து 30 கிலோ. இந்த வித்தியாசம் சமதரையில் பெரிசில்லை. சரிவில் மேட்டுப் பாதி வெட்டின மண், பள்ளத்துப் பாதி நிரப்பின மண். நிரப்பினது வருஷக்கணக்கில் அமுங்கிட்டே இருக்கும். அந்த எல்லைக்கோட்டின் குறுக்கே கம்பியில்லாத பி.சி.சி. மேல் பிளாக் சுவர் நின்றால், தரையும் வெடிக்கும், சுவரிலும் படிக்கட்டு மாதிரி கீறல் ஓடும். உங்க 14 அடித் தடுப்பு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் போனால் நிச்சயம் இந்தக் கோட்டைத் தாண்டும்.

ஆனால் ஃபிரேமை நேரா தரையில் வைக்காதீங்க. நம்ம ஊரில் வீட்டைத் தண்ணி ஊற்றிக் கழுவுறாங்க. போர்டின் அடி அந்தத் தண்ணியை உறிஞ்சும். சுவர் வர்ற இடம் பூரா 4 இஞ்ச் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் திட்டு போடுங்க. தடுப்புக்குத் திட்டு அகலம் 75 மி.மீ., கல் சுவர் ஓரத்துக்கு 100 மி.மீ. பி.சி.சி.யைப் பொளிஞ்சு, நனைச்சு, சிமெண்ட் பால் ஊற்றி, 1:1.5:3 கலவையில் 12 மி.மீ. சல்லி போட்டு, வாட்டர்புரூஃப் பவுடர் சேர்த்து வார்க்கணும். ஏழு நாள் நனைக்கணும். கல் சுவர் பக்கம் இந்தத் திட்டே வாய்க்காலின் உள்கரையாகவும் ஆகிடும், ஒரே வேலையில் இரண்டும் முடியும். கதவு வர்ற 3 அடிக்குத் திட்டு கிடையாது.

தகடு

கொத்துக்கரண்டி சொன்ன 75 மி.மீ. சரியான அளவு. தரை சேனல் (ஃபிரேமின் கம்பங்கள் உட்கார்ற தகட்டுத் தொட்டி) 50 மி.மீ., இருபக்கமும் 12.5 மி.மீ. போர்டு, கூட்டினால் 75. மேலே ஸ்கர்ட்டிங் டைல் நாலரை இஞ்ச் வைச்சால் திட்டும் போர்டும் சேர்ற கோடு மறைஞ்சிடும்.

ஃபிரேம் விவரம். குறுக்குத் தடுப்புக்கு 48 மி.மீ. ஸ்டட் (நிற்கிற தகட்டுக் கம்பம்), 50 மி.மீ. சேனல், தகடு 0.5 மி.மீ., இடைவெளி 610 மி.மீ. கல் சுவர் மறைப்புக்கு 48 வேண்டாம். அதுக்கு ஒரு பக்கம்தான் போர்டு, 10 அடி உயரத்தில் கையால் தள்ளினால் ஆடும். பலர் ஆட்டத்தை நிறுத்த நடுவில் கல் சுவருக்கு ஒரு பிராக்கெட் அடிப்பாங்க. அந்த பிராக்கெட் வழியா ஈரம் ஃபிரேமுக்கு வந்து அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். 70 மி.மீ. ஸ்டட் எடுத்து, 406 மி.மீ. இடைவெளியில் நிறுத்தினால் பிராக்கெட்டே தேவையில்லை. கல் துருத்திக்கிட்டு இருக்கிற இடத்திலும் 50 மி.மீ. காலி இருக்கணும். தூக்குக்குண்டு விட்டு அதிகமா துருத்தின கல்லைக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து 50 விட்டுக் கோடு அடிங்க. கருங்கல் கட்டில் மூன்று இஞ்ச் வரை ஏற்ற இறக்கம் சாதாரணம், அதனால் சில இடத்தில் 5 இஞ்ச் போகும். போகட்டும்.

துத்தநாகப் பூச்சு முக்கியம். கடையில் கேட்காமல் வாங்கினால் சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு வரும், அல்லது அதுக்கும் குறைவு. கல் சுவர் பக்கத்துக்கு 275 கிராம் கேட்டு வாங்குங்க. வெட்டின முனையெல்லாம் ஜிங்க் பெயிண்ட் தடவணும். கிரைண்டரில் வெட்டக் கூடாது, சூட்டில் ஓரத்துப் பூச்சு எரிஞ்சு போகும். தகடு வெட்டுற கத்திரி போதும்.

கணக்கு:

குறுக்குத் தடுப்பு, 14 அடி: முழு ஸ்டட் 10, கதவு மேலே ஒரு சின்னத் துண்டு, ஆக 12 வாங்குங்க. கதவின் இருபுறமும் இரட்டை ஸ்டட், அது இந்த 10-க்குள் அடக்கம். சேனல் மேலே 14 அடி, கீழே கதவு போக 11, கதவுத் தலைக்கு மடிப்போடு 4, மொத்தம் 29 அடி. 12 அடி நீளம் மூன்று போதும். போர்டு 8×4 அளவில் 9 ஆகும், 10 வாங்குங்க.

கல் சுவர் மறைப்பு, 20 அடி: 16 இஞ்சுக்கு ஒன்று வீதம் 16 ஸ்டட். சேனல் 40 அடி, 12 அடி நீளம் நான்கு. போர்டு 7, கூட ஒன்று உடைசலுக்கு.

சேனலைத் திட்டில் பிடிக்க 2 அடிக்கு ஒரு நைலான் பிளக், முனையிலிருந்து 2 இஞ்ச் தள்ளி முதல் ஆணி. திட்டு ஒடுக்கமானது, டிரில்லை ஹேமரில் போட்டால் ஓரம் உடையும். சாதா சுழற்சியில் ஆரம்பிச்சு, பொறுமையா 40 மி.மீ. ஆழம் போங்க, அதுக்கு மேல் வேண்டாம். சேனலுக்கு அடியில் பிட்டுமன் பட்டையோ ஈ.பி.டி.எம். ரப்பர் பட்டையோ விரிக்கணும். ஈரச் சிமெண்டோடு ஜி.ஐ. நேரா உட்கார்ந்தால் துத்தநாகத்தை அரிக்கும்.

தச்சுக்கூடம்

மரம் பற்றிக் கேட்டிருக்கீங்க. ஏற்காட்டில் எஸ்டேட்டில் வெட்டுற சில்வர் ஓக் சுலபமா கிடைக்கும், அதனால் எல்லாருக்கும் அதன் மேல் கண் போகும். அலமாரிக்கும் பேனலுக்கும் அழகான மரம். மண் பக்கச் சுவருக்குள்ளே மறைச்சு வைக்க வேண்டாம். கரையானுக்கும் பூஞ்சைக்கும் தாங்காது, பச்சையா அடிச்சால் முறுக்கும். வடஅமெரிக்க வீட்டில் மரம் ஓடுதுன்னா, அங்கே கான்கிரீட்டைத் தொடுற அடிக்கட்டை மருந்து ஏற்றின மரமா இருக்கணும்னு விதி, ஸ்டட் உலர்த்திப் பக்குவம் செய்த 2×4, உண்மை அளவு ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச். 16 இஞ்ச் இடைவெளியும் அங்கிருந்து வந்ததுதான், 4 அடி போர்டு மூன்று சம பங்காகப் பிரியும்.

மரம் தேவைப்படுற இடம் ஒன்றே ஒன்று: கதவு. 0.5 மி.மீ. தகட்டில் கதவுக் கீலை மாட்டினால் கதவின் எடைக்கு ஸ்குரூ சில மாதத்தில் தளர்ந்திடும். கதவின் இருபுற இரட்டை ஸ்டட்டுக்குள்ளே உலர்ந்த கட்டையை முழு உயரத்துக்கும் செருகி, போரிக் மருந்து ஏற்றியோ, இல்லைன்னா நல்ல கரையான் மருந்து இரண்டு பூச்சு அடிச்சோ வையுங்க. அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) நிலை வாங்கி அதையே கட்டையா பயன்படுத்தலாம். ஈரத்துக்கு அது மேல். கட்டையின் அடி திட்டுக்கு மேலே நிற்கணும், தரையைத் தொடக் கூடாது.

மலைவீடு

போர்டு ஜிப்சமா, சிமெண்டா? பிளாஸ்டிக் ஷீட் பதில் இன்னும் வரலை.

நீர்மட்டம்

கல் சுவர் பக்கம் சிமெண்ட் போர்டு 8 மி.மீ. மட்டும்தான். பச்சை நிற ஜிப்சம் போர்டை ஈரம் தாங்கும்னு விற்பாங்க, அது குளியலறையில் எப்போதாவது படுற ஈரத்துக்கு. வருஷம் பூரா பின்னால் ஈரக் கல் இருக்கிற இடத்துக்கு இல்லை, காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். குறுக்குத் தடுப்பு கல் சுவரைச் சந்திக்கிற கடைசி 4 அடியிலும் சிமெண்ட் போர்டே போடுங்க. மீதி 10 அடிக்கு ஜிப்சம் தாராளம்.

ஒரே கோட்டில் இரண்டு போர்டும் வர்றதால கனம் ஒத்துப்போகணும். அந்த 4 அடிக்கு 12 மி.மீ. சிமெண்ட் போர்டு எடுத்தால் 12.5 ஜிப்சத்தோடு ஏறக்குறைய சமம், மேலே பட்டியில் சரியாகிடும்.

பிளாஸ்டிக் ஷீட்: போடாதீங்க. அங்கே குளிர்காலத்தில் வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். அறையின் கதகதப்பான ஈரக் காற்று குளிர்ந்த சுவரைத் தொடாமல் இருக்க, அறைப் பக்கம் ஷீட் போடுறாங்க. ஏற்காட்டில் ஹீட்டர் இல்லை, சுவரின் இருபக்கமும் வெப்பநிலை அங்கே மாதிரி பெரிசா வேறுபடாது, ஈரம் மண்ணிலிருந்து உள்நோக்கி வருது. போர்டுக்குப் பின்னால் ஷீட் ஒட்டினால் ஈரம் ஷீட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அடைபட்டு ஸ்டட்டில்தான் இறங்கும். ஷீட்டுக்குப் பதில் காற்று. இடைவெளிக்கு அடியில் வாய்க்கால் குழாய் வழியா வெளிக்காற்று வரும். மேலே இரண்டு பக்கச் சுவரிலும், இடைவெளிக்கு நேராக, 4 இஞ்ச் குழாய் வைச்சு வலை மாட்டி வெளியே விடுங்க. அறைக்குள் கிரில் வைக்காதீங்க, மண் வாசம் படுக்கையறைக்கு வந்திடும். அறைக் காற்றும் குளிர்ந்த கல்லைப் போய்த் தொடாது, வேர்ப்பதும் குறையும்.

இடைவெளிக்குள்ளே ராக்வூல் (கல் நார்ப் பஞ்சு) திணிக்கிற யோசனையும் விட்டுடுங்க, தண்ணீரைப் பிடிச்சு வைச்சுக்கும். குறுக்குத் தடுப்புக்குள்ளே சத்தம் குறைய 50 மி.மீ. ராக்வூல் வைக்கலாம், கல் சுவரை ஒட்டிய முதல் அடியை மட்டும் காலியா விடுங்க.

தகடு

மேலே தளத்தோடு சேர்ற இடம்தான் பால்ஸ் சீலிங் ஆட்கள் எல்லா வீட்டிலும் தப்பு செய்ற இடம். ஸ்டட்டை இறுக்கமா அறைஞ்சு மேல் சேனலோடு ஸ்குரூ போட்டுடுவாங்க. தரை அமுங்கினால் ஏதாவது ஒரு பக்கம் பிய்யணும், பிய்யுறது போர்டு ஜாயிண்ட்.

சேனலின் விளிம்பு 32 மி.மீ. ஸ்டட்டை 12 மி.மீ. குட்டையா வெட்டுங்க. அப்போ சேனலுக்குள்ளே 20 மி.மீ. நிற்கும். தரை 10 மி.மீ. இறங்கினாலும் இன்னும் 10 பிடியில் இருக்கும். மேல் சேனலில் ஸ்டட்டுக்கும் ஸ்குரூ இல்லை, போர்டுக்கும் ஸ்குரூ இல்லை. போர்டின் முதல் ஸ்குரூ சேனல் விளிம்புக்கு ஒரு இஞ்ச் கீழே, ஸ்டட்டில். போர்டு தளத்திலிருந்து 10 மி.மீ. கீழே நின்று, அந்த இடுக்கில் பெயிண்ட் ஏற்கிற அக்ரிலிக் சீலன்ட். மேலே கார்னிஸ் வைச்சால் அதைத் தளத்தோடு மட்டும் ஒட்டுங்க, சுவரோடு ஒட்டாதீங்க. கதவு இரட்டை ஸ்டட்டும் இப்படித்தான்.

போர்டு அடிக்கிற முறை: ஓரத்தில் 200 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300க்கு ஒன்று. ஜிப்சத்துக்கு 25 மி.மீ. டிரைவால் ஸ்குரூ, தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே அமுங்கணும். காகிதம் கிழிஞ்சால் அந்த ஸ்குரூ பிடிக்காது, 2 இஞ்ச் தள்ளி இன்னொன்று. சிமெண்ட் போர்டில் முதலில் ஸ்குரூ தலை உள்ளே உட்கார்ற மாதிரி துளை போட்டு, பூச்சுள்ள ஸ்குரூ. போர்டுக்கும் போர்டுக்கும் 3 மி.மீ. விட்டு, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் நிரப்புங்க. ஜிப்சம் ஜாயிண்ட் பவுடரைச் சிமெண்ட் போர்டில் போட்டால் அடுத்த வெயிலில் தலைமுடிக் கீறல் விழும். இரண்டு வகை போர்டு சேர்ற ஜாயிண்ட்டை மறைக்க முயல வேண்டாம், அங்கே ஒரு மெல்லிய அலுமினியம் பள்ளப் பட்டை வைச்சு வெளிப்படையா விட்டுடுங்க.

கொத்துக்கரண்டி

கல் சுவர் பக்கம் வாய்க்கால் மண் அடைச்சால் எப்படி எடுப்பீங்க? போர்டை முழுசா மூடினால் அடுத்த மழையில் உடைக்கணும். கீழ் 2 அடி போர்டைத் தனிப் பட்டையா போடுங்க.

தகடு

ஆமாம், அது கணக்கோடும் ஒத்துவருது. திட்டு போக உயரம் 9 அடி 8 இஞ்ச். கீழே 2 அடிப் பட்டை ஐந்து, ஒரு போர்டில் நான்கு கிடைக்கும், அதனால் இரண்டு போர்டு. மேலே 7 அடி 8 இஞ்ச் ஐந்து. மேலே சொன்ன 7 போர்டு அதுதான். 2 அடி மட்டத்தில் ஸ்டட்டுக்கு ஸ்டட் ஒரு குறுக்குச் சேனல் துண்டு வேணும், இல்லைன்னா ஜாயிண்ட் ஓரம் உதைக்கும்போது உள்ளே போகும். பட்டையை எஸ்.எஸ். ஸ்குரூவில் மட்டும் பிடிங்க, சீலன்ட் வேண்டாம். மேல் ஓரத்தில் பி.வி.சி. பீடிங். ஸ்கர்ட்டிங் டைலை அந்தப் பக்கம் திட்டில் மட்டும் ஒட்டி, போர்டில் ஏற்றாமல் 4 இஞ்சோடு நிறுத்துங்க.

ஒயர்மேன்

கரண்ட் பற்றி யாரும் சொல்லலை. கல் சுவர் மறைப்பில் ஸ்விட்ச் பாக்ஸே வேண்டாம், எல்லாத்தையும் குறுக்குத் தடுப்பிலும் திறந்த பக்கத்திலும் வையுங்க. ஸ்டட்டில் ஏற்கெனவே துளை இருக்கும், அதன் ஓரம் கத்தி மாதிரி. 20 மி.மீ. பி.வி.சி. பைப்புக்குள்ளேதான் ஒயர் போகணும், பைப் இல்லாத வளைவில் ரப்பர் குரோமெட். போர்டு அடிக்கிற ஸ்குரூ பைப்பைத் துளைக்காமல் இருக்க பைப்பை ஸ்டட்டின் நடுவில் கட்டுங்க, முகத்தை ஒட்டி வேண்டாம். இரும்பு ஃபிரேமை எர்த்தோடு சேர்க்கணும், அந்த சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர்). ஈரத் தளத்தில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

டி.வி., ஏ.சி., அலமாரி மாட்டுற இடத்தை இப்பவே முடிவு பண்ணி, அங்கே இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் 18 மி.மீ. மரைன் பிளை வைச்சிடுங்க. போர்டு மூடின பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மலைவீடு

கரையான் மருந்து எப்போது? டைல் போடும் முன்னா, திட்டு போட்ட பிறகா?

கொத்துக்கரண்டி

திட்டுக்கும் வாய்க்காலுக்கும் முன்னாலேயே. சுவரும் தரையும் சேர்ற மூலையில் 1 அடிக்கு ஒரு 12 மி.மீ. துளை, துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல். இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீதம்னா லிட்டர் தண்ணிக்கு 2.1 மி.லி. உரிமம் உள்ள ஆளை வைச்சுச் செய்யணும். துளையை நான்ஷ்ரிங்க் கிரவுட் (காய்ந்தால் சுருங்காத சிமெண்ட் கலவை) போட்டு அடைச்ச பிறகுதான் வாய்க்கால் பூச்சு. வரிசையை மாற்றினால் பூசின வாய்க்காலைத் துளைக்கணும், அதுவழியா தண்ணீர் அடிமண்ணுக்கு இறங்கும். மேட்டில் கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் மருந்து வைக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

நீர்மட்டம்

காலம்: வேலிக்கு உள்ளே இடம் இருக்கிற அளவுக்கு மேட்டு வாய்க்காலை இப்பவே வெட்டிடுங்க. கல் சுவரை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க மறைக்காமல் விட்டு, எங்கே கசியுதுன்னு சாக்பீஸால் குறிச்சு வையுங்க. திட்டும் உள் வாய்க்காலும் தையில், ஃபிரேம் மாசி பங்குனியில். சித்திரை கோடை மழைக்கு முன் போர்டு மூடணும்.

தகடு

சேலத்தில் வாங்கினால் 12 அடி சேனலை வண்டிக்கு வெளியே நீட்டாமல் ஏற்றுங்க. 20 கொண்டை ஊசி வளைவிலும் முனை உரசி மடங்கும், மடங்கின சேனலில் ஸ்டட் உட்காராது. சிமெண்ட் போர்டு ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு ஆள் செங்குத்தாப் பிடிச்சுத் தூக்கணும், படுக்கையாத் தூக்கினால் நடுவில் ஒடியும். இறக்கினதும் சமமான கட்டை மேல் படுக்க வைச்சு, தார்ப்பாய் போட்டு, இரண்டு நாள் அந்தத் தளத்திலேயே கிடக்க விட்டுட்டு அடிங்க.